துவக்குக்கு வைத்த பொட்டு

சுட்டவுடன் தோட்டாவின் வெற்றுக் கோதைப் பக்கவாட்டில் வீசிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ள வேண்டியது அந்தத் துவக்கின் கடமை. நாற்பது வயதான அந்தச் சிறு துவக்கு, பார்த்தீபனின் கைக்கு வருவதற்கு முன்பும் வந்த பின்பும், அதைக் குறைவின்றிச் செய்துவந்தது. சென்ற கோடையில்தான் பிணக்குத் தொடங்கியது. இரண்டு வெடி ஒழுங்காகப் போகும். மூன்றாவதின் கோது பாதி வெளியே வந்து, மூடிக்கொள்ளும் இரும்புத் தண்டான போல்ட்டின் வாயில் அகப்பட்டு, கூரைக்கு மேல் நீட்டிய புகைபோக்கியைப் போல நிமிர்ந்து நிற்கும். அதைக் கையால் தட்டிவிட்டுத் தலைநிமிர்வதற்குள், ஒக்லண்டுக்குத் தெற்கே புக்கிகோஹியில் நண்பன் தேவேந்திராவின் அவரைப் பாத்திகளை மேய்ந்த முயல்கள் வேலிக்கு அப்பால் போய்ச் சேர்ந்திருக்கும்.

பார்த்தீபன் மனுகாவிலுள்ள ஒரு பொதியிடல் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியியலாளன். பிழை என்பது எப்போதும் இன்னொருவர் விட்டதாகவே இருக்கும் என்ற நம்பிக்கைக்குச் சம்பளம் வாங்குபவன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கசிந்தால், “ஆர் கதவைச் சரியாப் பூட்டாமல் விட்டது?” என்பதே அவனுடைய முதற்கேள்வி. துவக்கிடம் மட்டும் அவன் அப்படிக் கேட்கவில்லை. அதனிடம் அவன் காட்டிய பொறுமையை அவனுடைய மனைவி பிரசாந்தி கராஜ் வாசலில் நின்று சற்று வியப்போடு பார்த்திருக்கிறாள்.

முதலில் அவன் தோட்டாவைச் சந்தேகித்தான். வேகம் குறைந்த தோட்டாவுக்குப் போல்ட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளத் திராணி இராது என்று, வேகம் கூடியதை வாங்கினான். கோது சிக்கியது. அடுத்து, தோட்டாக்களை அடுக்கும் மகசினின் உதடுகள் அகன்றுவிட்டனவோ என்று அளந்து பார்த்துப் புதிய மகசின் வாங்கினான். சிக்கியது. பிறகு சுருள்வில்லை மாற்றினான். தோட்டா அமரும் அறையின் விளிம்பில் சுடும் ஊசி பட்டுப் பிசிறு எழும்பியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். ஒரு முறையில் ஒன்றைத்தான் மாற்றுவான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவனுடைய தொழில் தர்மம். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை புக்கிகோஹிக்குப் போவான். ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, எஞ்சியது கொக்கி ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தான். கோதின் விளிம்பைக் கொழுவி அறையிலிருந்து இழுத்தெடுக்கும் அந்தச் சிறு கொக்கி தேய்ந்திருக்க வேண்டும். புதுக்கொக்கியையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு தேவேந்திராவின் கொட்டகைக்குப் போனான். பிரசாந்தியும் கூடப் போயிருந்தாள். தேவேந்திரா பிஜியில் பிறந்தவன். கட்டட வேலை செய்பவன். அவனுடைய தமிழ் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பூட்டன் கொண்டுவந்த தமிழ்; இடையிடையே ஹிந்தி விழும். பார்த்தீபனைத் துவக்குச் சாத்திரம் முழுதும் கற்றவனாக அவன் நம்பினான். பார்த்தீபனும் அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டான்.

பிரசாந்தி தேநீர்த் தட்டோடு கொட்டகை வாசலுக்கு வந்தபோது, இருவரும் கழற்றிய போல்ட்டின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள்.

“கரின்னா கறுப்பா இருக்கணும் அண்ணே. இது மஞ்சளா இருக்கே. என்னா இது?” என்றான் தேவேந்திரா.

கொக்கி அசைய வேண்டிய பள்ளத்தில் ஏதோ கல்லாய் இறுகிக் கிடந்தது. பார்த்தீபன் பித்தளை ஊசியால் அதைக் குடைந்து உள்ளங்கையில் தட்டினான். வெடிமருந்துக் கரியும் தோட்டாவின் மெழுகும் எண்ணெயும் குழைந்த பொருக்கு. அதன் நடுவே மஞ்சள். தேவேந்திரா ஒரு துணுக்கை விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனான்.

“அரே! சந்தனம்! துப்பாக்கிக்கு யாரு அண்ணே கல்யாணம் பண்ணி வச்சது?”

கொட்டகை அதிரச் சிரித்தான். பார்த்தீபன் சிரிக்கவில்லை. அவனுடைய காதுமடல்கள் சிவந்தன. திரும்பினான், வாசலில் பிரசாந்தி நிற்பதைக் கண்டான், மறுபடியும் போல்ட்டைப் பார்த்தான்.

“மனுசியின்ர வேலை. போன ஆயுத பூசைக்கு நான் கடைக்குப் போன நேரம், துவக்குப் பெட்டியைத் திறந்து எடுத்து உள்ளுக்கையே அப்பி வைச்சிருக்கிறா. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவுமில்லை.”

“அக்கா!” என்று தேவேந்திரா அவளைப் பார்த்துக் கைகூப்பினான். “சாமிக்கு அப்புறம் நீங்கதான்!”

நடந்தது வேறு.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பிரசாந்தி வீட்டிலுள்ள கத்தி, தையல் இயந்திரம், மடிக்கணினி, கார் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். துவக்கை அந்த வரிசையில் கொண்டுவந்து வைத்தவன் பார்த்தீபன். “ஆயுத பூசைக்கு உண்மையா ஒரு ஆயுதம் வைச்சுக் கும்பிடுற தமிழ் வீடு ஒக்லண்டிலேயே எங்கடதுதான்” என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வான். அவளுக்கு அதைத் தொடவே மனம் வருவதில்லை. ஊரில் போர் நடந்த நாட்களில், துவக்கோடு வந்தவர்கள் எந்தப் பக்கத்தார் ஆனாலும் கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். ஆயினும், அவன் பெட்டியைத் திறந்து எடுத்து, தோட்டா இல்லை என்று காட்டி, கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் மரப்பிடியில் ஒரு பொட்டு வைப்பாள்.

சென்ற ஆண்டு அவன் தடுத்தான். “மரத்தில வையாதையும். போன முறை கறை பிடிச்சுப் பொலிஷ் போட்டது. இரும்பில வையும், துடைச்சால் போயிடும்.” போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து இடத்தைக் காட்டினான்.

“உள்ளுக்கோ?” என்று அவள் கேட்டாள்.

“வையும் எண்டுறன். துவக்கின்ர உயிரே அதுதான். நான் பிறகு துடைச்சு விடுவன்.”

வைத்தாள். பொட்டு ஈரமாக இருக்கும்போதே அவனுடைய கைப்பேசி ஒலித்தது. போல்ட்டை முன்னுக்கு விட்டான். அது சந்தனத்தைக் கொக்கிப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டு மூடியது. கைப்பேசியைத் தோளில் இடுக்கியபடியே துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். துடைப்பதாகச் சொன்னது அவனுக்கு அதற்குப்பின் நினைவில் வரவேயில்லை. பெட்டியின் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி, வழக்கம்போல அவனுடைய கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

கொட்டகை வாசலில் பிரசாந்தி தட்டைக் கீழே வைத்தாள். தேநீரை எடுத்துக் கொடுத்தாள். கணவனைப் பிறர் முன்னால் மறுத்துப் பேசாதது அவளுடைய பழக்கம். பழக்கத்தால் செய்யும் காரியத்துக்கு யோசனை வேண்டியிருப்பதில்லை.

நெடுஞ்சாலையில் கார் வேகமெடுத்த பிறகுதான் கேட்டாள்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“எப்பிடி?”

“நான் பெட்டியைத் திறந்தனான் எண்டு.”

“வேற என்னெண்டு சொல்லுறது? இவ்வளவு மாசமாத் தேடித் திரிஞ்ச பிழை நான் துடைக்க மறந்த பொட்டு எண்டோ? அவன் சிரிப்பான்.”

“இப்பவும் சிரிச்சவர்தானே.”

“அது உம்மைப் பாத்து” என்றான் பார்த்தீபன். சொன்னபின், அது நியாயமாக ஒலிக்கவில்லை என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். “சின்ன விசயம், பிரசாந்தி. இதைப் போய்ப் பெரிசாக்காதையும்.”

“உங்களுக்குச் சின்ன விசயம். தேவேந்திராவிட்ட உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ. எனக்கு வேறொண்டும் வேண்டாம்.”

“சொல்லுறன், சொல்லுறன்.”

சொல்லவில்லை.

பிரசாந்தி எல்லர்ஸ்லியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில், இரத்த மாதிரிகள் உரியவரின் பெயரோடுதான் வந்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பவள். தன்னுடையதல்லாத ஒன்றைத் தொட்டுவிட்டாள், தொட்டதையும் மறைத்துவிட்டாள் என்னும் பெயர் அவளுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. இப்போது வாய்த்தது. தேவேந்திரா நல்லவன், நல்ல கதை ஒன்றை மனத்துக்குள் பூட்டி வைத்துக்கொள்ளத் தெரியாதவன். இரண்டு வாரத்தில் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெரு வரைக்கும் அது வந்துவிட்டது. மரக்கறி வாங்க நின்றபோது, தேவேந்திராவின் மனைவி ராஜ்குமாரி கடைக்காரி வைஷாலியிடம் குரலை உயர்த்திச் சொன்னாள்:

“இவங்ககிட்ட உஷாரா இருங்க. அசந்தா தராசுக்கும் சந்தனம் பூசிட்டுப் போயிடுவாங்க!”

“ஓ, துப்பாக்கி அக்கா இவங்கதானா?” என்றாள் வைஷாலி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரசாந்தியும் உதட்டை விரித்தாள். அந்த இடத்திலேயே மறுத்திருக்கலாம். ஆனால், அவள் வாயால் சொன்னால் அது சாக்கு; அவன் வாயால் வந்தால்தான் உண்மை. அவன் சொல்லும்வரை காத்திருப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இன்னொரு முறை கேட்டாள். “பாப்பம்” என்றான். “சொல்லுறன்” என்பது “பாப்பம்” ஆகிவிட்டதை அவள் கவனித்தாள்.

இந்த ஆண்டு ஆயுத பூசை வந்தபோது அவன் துவக்கை வெளியே எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

நவம்பரில் அவனுடைய துவக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. லைசென்ஸ் இல்லையென்றால் துவக்கும் இல்லை, ஞாயிறும் இல்லை, தேவேந்திராவின் கண்ணில் அவன் வகித்த இடமும் இல்லை. பொலிசிலிருந்து அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்ப்பார். மனைவியைத் தனியே விசாரிப்பார். குடும்பத்துக்கு வெளியே அவனை நன்கு அறிந்த ஒருவரையும் விசாரிப்பார். வெளியாளாகத் தேவேந்திராவின் பெயரைக் கொடுத்திருந்தான்.

“திறப்பு எங்க எண்டு கேட்டால், என்ர கழுத்தில எண்டு சொல்லும். உம்மட்ட வேற திறப்பு இருக்கோ எண்டு கேட்டால், இல்லை எண்டு சொல்லும். உண்மையும் அதுதானே” என்று முதல்நாள் மாலை பாடம் நடத்தினான்.

“உண்மை அதுதான். தேவேந்திராவிட்டச் சொல்லிட்டீங்களோ?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் மறுநாள் பிற்பகல் தெரிந்தது. அலுவலர் ஐம்பது வயதைக் கடந்த பெண், மென்மையாகப் பேசினார். பெட்டியைப் பார்த்தார், சுவரோடு அது இறுக்கப்பட்டிருப்பதை அசைத்துப் பார்த்தார், தோட்டாக்கள் வேறாகப் பூட்டியிருப்பதைக் கண்டு தலையசைத்தார். பிறகு பார்த்தீபனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வரவேற்பறையில் பிரசாந்தியின் எதிரே அமர்ந்தார்.

திறப்பைப் பற்றிக் கேட்டார். கணவனின் கழுத்தில் என்றாள். வேறு திறப்பு இல்லை என்றாள்.

“அப்படியானால் எனக்கு ஒன்று விளங்கவில்லை” என்று அலுவலர் ஆங்கிலத்தில் சொன்னார். “உங்கள் கணவரின் நண்பரோடு பேசினேன். உங்கள் கணவர் எவ்வளவு நுணுக்கமானவர் என்று புகழ்ந்தார். புகழும்போது ஒரு வேடிக்கைக் கதையும் சொன்னார். கணவர் இல்லாத நேரத்தில் நீங்கள் பெட்டியைத் திறந்து, பூசைக்காக அந்தத் துவக்கில் எதையோ பூசினீர்களாமே?”

பிரசாந்தி மடியில் வைத்திருந்த கைகளைப் பார்த்தாள்.

“நான் பெட்டியைத் திறந்ததில்லை. அவர்தான் எடுத்தார். அவர் கையில் பிடித்திருக்க, அவர் காட்டிய இடத்தில் பொட்டு வைத்தேன். அவர்தான் திரும்ப வைத்துப் பூட்டினார்.”

“நண்பர் ஏன் வேறு விதமாகச் சொல்கிறார்?”

“அவருக்கு அப்படிச் சொல்லப்பட்டது.”

“யாரால்?”

“என் கணவரால்.”

“ஏன்?”

“அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.”

அலுவலர் தம் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, வழக்கமான கேள்வி என்ற முன்னுரையோடு, கணவரிடம் துவக்கு இருப்பதால் அவளுக்கு அச்சம் உண்டா என்று கேட்டார்.

“இல்லை” என்றாள் பிரசாந்தி. அது மெய். துவக்கால் அவன் எவரையும் நோகச் செய்யமாட்டான்.

பார்த்தீபனை உள்ளே அழைத்து அலுவலர் நிலைமையைச் சொன்னார். லைசென்ஸ் உள்ளவரின் கண்முன்னால் மனைவி துவக்கைத் தொட்டதில் குற்றமில்லை. அவர் இல்லாத நேரத்தில் அவர் மனைவி பெட்டியைத் திறந்திருந்தால் அது பாரதூரமான விடயம். இரண்டு பேர் இரண்டு கதை சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாகும்வரை தாம் பரிந்துரைக்க இயலாது. திங்கட்கிழமை நண்பரோடு மறுபடியும் பேசப்போவதாகச் சொல்லி விடைபெற்றார்.

கார் தெருவைக் கடக்கும்வரை பார்த்தீபன் யன்னலருகே நின்றான்.

“விசரன். உதையெல்லாம் போய்ப் பொலிசுக்கே சொல்லுறது?”

“அவர் கேட்டதைச் சொன்னவர். நீங்கள் சொன்னதைச் சொன்னவர்” என்றாள் பிரசாந்தி. “இப்ப எடுத்து உள்ளதைச் சொல்லுங்கோ. இனி எண்டாலும் சொல்லித்தானே ஆகவேணும்.”

அவன் மறுக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனான். பிரசாந்திக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஒரு லைசென்ஸை முன்னிட்டுத்தான் என்றாலும், உண்மை கடைசியில் அவன் வாயால் வரப்போகிறது. அதைத் தன் காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. கராஜுக்குப் போகும் கதவருகே நின்றாள்.

“தேவேந்திரா, ஒரு உதவி. ஓம், அந்தச் சந்தனக் கதைதான். அந்தப் பொம்பிளை அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இஞ்சை பார், மனுசி தானாத் திறந்தவ எண்டால் அவவுக்குத்தான் ஆபத்து, வழக்கெண்டும் வரும். அதால நீ இப்பிடிச் சொல்லு. நான்தான் துவக்கை எடுத்துக் காட்டினனான். நான்தான் அந்த இடத்தில வைக்கச் சொன்னனான். நீ பிழையா விளங்கிக்கொண்டாய் எண்டு சொல்லு. பழி என்ர தலையில விழட்டும், பரவாயில்லை. என்ன செய்யிறது, கட்டின மனுசி.”

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் தேவேந்திராவின் குரல் தழுதழுத்தது. “நீங்க பெரிய மனுஷன் அண்ணே. அக்காவுக்காக நான் இதக்கூடச் சொல்ல மாட்டேனா?”

பார்த்தீபன் கதவைத் திறந்தபோது அவள் அங்கேயே நின்றாள்.

“கேட்டீரோ?”

“கேட்டனான்.”

“அப்ப சரி. நான்தான் எடுத்தனான், நான்தான் வைக்கச் சொன்னனான் எண்டு சொல்லியாச்சு. நீர் கேட்டதும் அதுதானே? அதில ஒரு சொல்லெண்டாலும் பிழையோ?”

“ஒரு சொல்லும் பிழையில்லை” என்றாள் பிரசாந்தி.

அவன் உள்ளே போய்த் தொலைக்காட்சியைப் போட்டான்.

கதைகள் ஒன்றாயின, லைசென்ஸ் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு புக்கிகோஹிக்குப் போனார்கள். பிரசாந்தி வரமறுத்திருப்பாள். ஆனால், சொல்ல வேண்டிய இடம் இனி அந்த ஒன்றுதான். சொல்ல வேண்டியவளும் இனித் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ஆண்கள் பாத்திகளுக்கு அப்பால் போனார்கள். பெண்கள் இருவரும் பிளாஸ்டிக் கூடாரத்தின் நிழலில் அமர்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தார்கள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?” என்று ராஜ்குமாரி நெருங்கி உட்கார்ந்தாள். “இவர் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். அண்ணன் உங்களுக்காகப் பழிய அவர் மேல போட்டுக்கிட்டாராமே! எங்க வீட்டுலயா இருந்தா, போலீஸ் கேக்கறதுக்கு முன்னாடியே இவர் என்னப் புடிச்சுக் குடுத்திருப்பார். நீங்க குடுத்து வச்சவங்க. நான்தான் கடையில வச்சு உங்கள ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

பிரசாந்தி கையிலிருந்த அவரைக்காயைத் தட்டில் வைத்தாள். முந்தைய இரவு முழுவதும் கோத்து வைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“அவர் எனக்காக ஒண்டும் ஏற்கேல்லை, ராஜ்குமாரி. அவர் இப்ப சொல்லச் சொன்னதுதான் நடந்தது. பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தது அவர். உள்ளுக்கு வைக்கச் சொன்னது அவர். துடைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு மறந்ததும் அவர். நான் அந்தப் பெட்டியை ஒரு நாளும் திறக்கேல்லை. உங்கட அவருக்கு முதல் சொன்னதுதான் பொய்.”

ராஜ்குமாரி அவளைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. ஆண்கள் போன திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, பிரசாந்தியின் மணிக்கட்டைப் பரிவோடு அழுத்திப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆமா அக்கா, ஆமா. ஒரு வார்த்தகூட மாறாம அண்ணன் சொன்ன மாதிரியே சொல்றீங்க. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் வேணாம். நான் வெளிய யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”